தொட்டிலும் ஊன்றுகோலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியச் சொற்பொழிவை எதிர்பார்த்து வந்திருப்போர்க்குச் சிறிது ஏமாற்றம் நேரலாம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மக்கள்தொகை. தமிழ்ச் சங்கத்து மேடையில் தலைக்கணக்கிற்கு என்ன வேலை என்று சிலர் புருவத்தை உயர்த்துவதும் தெரிகிறது. ஆயினும், வள்ளுவப் பெருந்தகை இதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார் அன்றோ? அவ்வதிகாரத்தைப் பரிமேலழகர் 'புதல்வரைப் பெறுதல்' என்றார். நாம் இன்று 'மக்கட்பேறு' என்றே வழங்குகிறோம். இந்தப் பெயர் வேறுபாட்டைத் தாய்மார்கள் மனத்தில் வைத்துக்கொள்வார்களாக. பின்னர் அது பயன்படும்.

நம் ஊர்க்காட்சி ஒன்றிலிருந்தே தொடங்குவோம். திருமலைக்கு நாள்தோறும் வரும் பல்லாயிரவருள் இரு வகையினர்க்குத் தேவஸ்தானம் தனிச் சலுகை தந்துள்ளது. ஒரு வயது நிரம்பாத குழந்தையை ஏந்திவரும் பெற்றோர் சுபதம் வழியாகச் செல்லலாம். அறுபத்தைந்து வயது கடந்த முதியோர்க்கு வேறொரு வரிசை உண்டு. தொட்டிலிலிருந்து வருவோர் ஒரு வாயில், ஊன்றுகோலுடன் வருவோர் ஒரு வாயில். ஒரு நாட்டின் மக்கள்தொகை வரலாறு முழுவதையும் இவ்விரு வாயில்களைக் கொண்டே சொல்லிவிடலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. முதல் வாயிலில் நெருக்கடி மிகுந்திருந்த காலம் ஒன்று இருந்தது. இரண்டாம் வாயிலில் நெருக்கடி மிகும் காலத்தை நோக்கி நாம் சென்றுகொண்டிருக்கிறோம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். இந்திய மக்கள்தொகை பெருகியதற்கு, மக்கள் முன்னைவிட அதிகமாகப் பிள்ளை பெற்றது காரணம் என்று பலர் கருதுகின்றனர். அஃது உண்மையன்று. நம் பாட்டிமாரும் அவர்தம் பாட்டிமாரும் எட்டும் பத்தும் பெற்றவர்களே. பெற்றவற்றுள் பாதி நிலைக்கவில்லை என்பதே வேறுபாடு. 1911இலிருந்து 1921 வரையிலான பத்தாண்டுகளில் இந்திய மக்கள்தொகை கூடவில்லை, சற்றே குறைந்தது. 1918ஆம் ஆண்டின் விஷக் காய்ச்சல் கோடிக்கும் மேற்பட்டோரை வாரிக்கொண்டு போயிற்று. அதற்குப்பின் இத்தகைய குறைவு ஒருமுறையும் நேர்ந்ததில்லை. ஆதலால் மக்கள்தொகை அறிஞர்கள் 1921ஐப் 'பெரும் பிரிவு ஆண்டு' என்பர்.

1941க்கும் 1950க்கும் இடைப்பட்ட காலத்தில் பிறந்த இந்தியக் குழந்தை எதிர்பார்க்கத்தக்க ஆயுள் சராசரியாக 32 ஆண்டுகளே. இதனைக் கேட்டவுடன், அக்காலத்தார் முப்பத்திரண்டு வயதிலேயே மூப்படைந்து மறைந்தனர் என்று எண்ணிவிடக் கூடாது. குழந்தைப் பருவத்தைத் தாண்டியவர்கள் அறுபதும் எழுபதும் வாழ்ந்தார்கள். தாண்டாதவர்களே சராசரியை அவ்வளவு கீழே இழுத்தார்கள். இன்று அந்தச் சராசரி 70 ஆண்டுகள். தம் பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சொல்லும்போது, 'பெற்றது ஒன்பது, இருப்பது நாலு' என்று சொல்லும் மூதாட்டியரை நம்முள் பலர் கண்டிருக்கிறோம். அந்த இரண்டாம் எண்ணைத் தனியே சொல்ல வேண்டிய தேவை நம் தலைமுறையில் பெரும்பாலும் இல்லாது போயிற்று. சுதந்திர இந்தியாவின் சாதனைகளுள் இதற்கு இணையானது வேறொன்று உண்டோ?

அச்சாதனையின் ஒரு பகுதி நம் மாவட்டத்திலேயே நிகழ்ந்தது. 2022 வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளிக்கு அருகே, ஆரோக்கியவரம் என்னும் இடத்தில், 1915இல் காசநோய் மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. நல்ல காற்றும் நல்ல உணவும் ஓய்வுமே அக்காலத்து மருந்துகள். 1948ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இந்தியாவின் முதல் பி.சி.ஜி. தடுப்பூசி போடப்பட்டதும் அதே மதனப்பள்ளியில்தான். இன்று இந்நாட்டில் பிறக்கும் குழந்தையின் இடது தோளில் போடப்படும் அந்த ஊசியின் கதை நம் ஊர்ப்பக்கம் தொடங்கியது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பின்னர், காசநோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் மருத்துவமனையில் வைத்ததற்கு ஒப்பான பயன் கிட்டும் என்று சென்னை ஆராய்ச்சி நிலையம் 1959இல் உலகிற்கு மெய்ப்பித்துக் காட்டியது. மலேரியா ஒழிப்பு முயற்சி 1953இல் தொடங்கிற்று. பெரியம்மை 1975உடன் இந்தியாவை விட்டு நீங்கியது. இவ்வாறு சாவு பின்வாங்கிற்று. பிறப்போ பழைய வழக்கப்படியே நடந்துகொண்டிருந்தது. இரண்டிற்கும் இடையே விழுந்த இடைவெளிதான் மக்கட்பெருக்கம்.

1951ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் இந்தியர் 36 கோடி. 2011இல் 121 கோடி. 2023ஆம் ஆண்டில் இந்தியா சீனத்தை முந்தி உலகின் முதலிடத்தை அடைந்தது என்று ஐக்கிய நாடுகள் மன்றம் மதிப்பிட்டது. முதலிடம் என்றதும் மகிழ்ந்தவர்களும் உண்டு, தலையில் கைவைத்துக்கொண்டவர்களும் உண்டு. இரண்டுமே பழைய மனப்பான்மை என்பதே நம் கருத்து.

அந்தப் பழைய மனப்பான்மை எவ்வாறு தோன்றியது என்பதையும் பார்ப்போம். 1951ஆம் ஆண்டுக் குடிமதிப்பை நடத்திய ஆணையர் ஆர். ஏ. கோபாலசாமி அவர்கள், மூன்று குழந்தைகளுக்கு மேல் பெறுவதை 'முன்யோசனையற்ற மகப்பேறு' என்று பொருள்படும் சொல்லால் குறித்தார். அந்தச் சொல்லை நாடு பல்லாண்டுக் காலம் மறக்கவில்லை. பின்னர் அவரே சென்னை அரசின் தலைமைச் செயலாளராக அமர்ந்து கருத்தடை அறுவைத் திட்டத்திற்கு ஊக்கமளித்தார். 1952இல் இந்தியா, உலக நாடுகளுள் முதன்முதலாக, குடும்பக் கட்டுப்பாட்டை அரசின் திட்டமாக ஏற்றது. அப்போது சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்துள் இருந்தது என்பதை நம்மவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி அங்கே சென்றது, சத்தியவேடு இங்கே வந்தது. எல்லைக்கோடு எங்கே விழுந்தாலும் இருபுறத்துக் குடும்பங்களும் ஒரே பாதையில்தான் நடந்தன.

சுவர்தோறும் செம்முக்கோணமும் 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்ற வாசகமும் பொலிந்த காலத்தை மூத்தவர்கள் அறிவார்கள். நெருக்கடி நிலையின்போது, 1976-77ஆம் ஒரே ஆண்டில், நாடெங்கும் 80 லட்சத்திற்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றுள் பெரும்பகுதி ஆண்களுக்குச் செய்தவை. பல இடங்களில், குறிப்பாக வடபுலத்தில், வற்புறுத்தலும் கொடுமையும் கலந்திருந்தன. மக்கள் சினந்தார்கள், 1977 தேர்தலில் ஆட்சி மாறிற்று. அதனால் அரசு கற்றுக்கொண்ட பாடம் என்ன? எவரையும் வற்புறுத்தலாகாது என்பதன்று. ஆண்களைத் தொடலாகாது என்பதே! அன்றுமுதல் அந்தச் சுமை முழுவதும் பெண்கள்மேல் ஏற்றப்பட்டது. இவ்வாறு சொல்வது சிலருக்குக் கசக்கலாம், எனினும் கணக்கு அவ்வாறே சொல்கிறது.

அக்கணக்கை நாம் வாழும் ஆந்திரத்திலேயே காணலாம். இம்மாநிலம் மக்கள்தொகை அறிஞர்களுக்குப் பெரும் புதிராக விளங்கியது. கேரளத்தில் பிறப்பு குறைந்ததென்றால், பெண்கல்வி காரணம் என்றார்கள். தமிழ்நாட்டில் குறைந்ததென்றால், சமூகச் சீர்திருத்தமும் தாமதமான திருமணமும் காரணம் என்றார்கள். ஆந்திரத்திலோ 1991இல் பெண்களுள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 33 பேர்கூட இல்லை. அஃது அகில இந்தியச் சராசரிக்கும் கீழானது. பெண்களுக்குத் திருமணமும் இளவயதிலேயே நடந்தது. இருந்தும் 1992-93ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஒரு தாய்க்குச் சராசரியாக 2.6 குழந்தைகள் என்று இங்கே கண்டார்கள். அப்போது இந்தியச் சராசரி 3.4. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் இங்கே அது 1.8 ஆகிவிட்டது. 2019-21ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1.7. ஒரு தலைமுறை தன்னைத்தானே ஈடுசெய்துகொள்ள 2.1 வேண்டும். அந்தக் கோட்டை ஆந்திரம் கடந்து இருபது ஆண்டுகளாகின்றன.

இஃது எவ்வாறு நிகழ்ந்தது? இதே கணக்கெடுப்பில் மறுமொழி உள்ளது. ஆந்திரத்தில் குடும்ப வாழ்வு நடத்தும் மகப்பேற்று வயதுப் பெண்களுள் பத்துக்கு ஏழு பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். இந்தியாவிலேயே இதுதான் மிக உயர்ந்த விகிதம். அவர்களுள் பெரும்பாலோர் இருபத்தைந்து வயது நிரம்புமுன்னரே அதனைச் செய்துகொண்டவர்கள். அறுவை செய்துகொண்ட ஆண்களோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பதினெட்டில் திருமணம், இருபதில் ஒன்று, இருபத்திரண்டில் மற்றொன்று, உடனே அறுவை. பிறகு வயல், கூலி வேலை, மாடு கறத்தல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம். சித்தூர் மாவட்டத்து மாந்தோப்புகளிலும் நிலக்கடலை வயல்களிலும் வேலைசெய்யும் பெண்களின் வாழ்க்கைச் சுருக்கம் இது. படிப்பு வந்தபின் பிள்ளை குறையும் என்றது நூல். பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டுமென்றே தம் உடலில் கத்தி வைக்க இசைந்தார்கள் நூலறியாத இந்தத் தாய்மார்கள். நாடு மூச்சுவிட முடிந்ததற்கு நன்றி சொல்ல வேண்டுமாயின், அரசாங்கத்து விளம்பரப் பலகைகளுக்கன்று, இவர்களுக்கே சொல்ல வேண்டும்.

சரி, பிறப்பு இவ்வளவு குறைந்த பின்னும் மக்கள்தொகை ஏன் இன்னும் கூடுகிறது என்று கேட்பீர்கள். 2001இல் பழைய சித்தூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 37 லட்சத்து 46 ஆயிரம் பேர்; 2011இல் 41 லட்சத்து 74 ஆயிரம் பேர். விரைந்து வரும் இரயிலுக்கு ரேணிகுண்டாவிற்கு முன்னரே தடை போட்டாலும், வண்டி சிறிது தொலைவு ஓடித்தான் நிற்கும். முன்பு பிறந்த பெருங்கூட்டம் இப்போது மணவயதில் இருக்கிறது. அவர்கள் ஒவ்வொருவரும் ஒன்றோ இரண்டோ பெற்றாலும் மொத்தத்தில் பிறப்பு மிகுதியாகவே தோன்றும். அதே வேளையில் மூத்தோர் முன்போல் விரைவில் மறைவதில்லை. இந்த இரண்டினாலும் எண்ணிக்கை ஏறுகிறது. எண்ணிக்கை ஏறும்போதே உள்ளமைப்பு மாறிவிடுகிறது. எண்ணிக்கையைக் கண்டு அஞ்சியோர் பலர். உள்ளமைப்பைக் கண்டோர் சிலரே.

வயது வாரியாக மக்களை அடுக்கிப் பாருங்கள். 1961இல் அவ்வடுக்கு நம் கோயிற் கோபுரம்போல இருந்தது. அடியில் அகன்ற குழந்தைக் கூட்டம், மேலே போகப்போக ஒடுக்கம், உச்சியில் சில கலசங்களைப்போல முதியோர். அந்நாளில் நூற்றுக்கு 41 பேர் பதினைந்து வயதிற்குட்பட்டவர்கள். 2011இல் அது 31 ஆகக் குறைந்தது. அடிப்புறம் சுருங்கி, வயிறு அகன்று, கோபுரம் குடமாகிவிட்டது. அகன்ற அந்த வயிறுதான் உழைக்கும் வயதினர். சாப்பிட வைக்க வேண்டிய குழந்தைகள் குறைவு, தாங்க வேண்டிய முதியோரும் இன்னும் மிகவில்லை, நடுவில் உழைப்போர் மிகுதி. ஒரு குடும்பத்தில் மூத்த பிள்ளைகள் எல்லாரும் வேலைக்குச் சென்று, பெற்றோரும் திடமாக இருக்கும் ஒரு சில ஆண்டுகளைப் போன்ற காலம் இது. அந்தச் சில ஆண்டுகளில் வீடு கட்டியவர்கள் உண்டு, கடனை அடைத்தவர்கள் உண்டு, ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டு வருந்தியவர்களும் உண்டு.

இந்தியாவிற்கு அக்காலம் இன்னும் முடிந்துவிடவில்லை. ஆனால் வடக்கிற்கும் தெற்கிற்கும் கடிகாரம் வேறு. 2019-21ஆம் ஆண்டுக் கணக்கில் பீகாரில் ஒரு தாய்க்கு 3 குழந்தைகள்; தமிழ்நாட்டில் 1.8. மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழுவின் மதிப்பீட்டின்படி, 2036இல் இந்தியாவில் அறுபது வயது கடந்தோர் நூற்றுக்கு 15 பேர். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் ஏறக்குறைய ஐவரில் ஒருவர். 2011இல் இவ்விரு மாநிலங்களிலும் அது பத்தில் ஒருவராக இருந்தது. கால் நூற்றாண்டில் இரு மடங்கு! இதே வகையான மாற்றத்திற்கு, அதாவது அறுபத்தைந்து வயதினர் நூற்றுக்கு ஏழிலிருந்து பதினான்காவதற்கு, பிரான்சு நாடு நூறு ஆண்டுகளுக்கும் மேல் எடுத்துக்கொண்டது. சப்பானியர் கால் நூற்றாண்டில் கடந்தார்கள். அவர்களோ செல்வம் சேர்த்த பின்னர் மூப்படைந்தார்கள். நாம் செல்வம் சேர்க்குமுன்னரே மூப்படைகிறோமா என்பதுதான் கேள்வி.

இதனோடு ஒட்டிய மற்றொரு கேள்வி, பாராளுமன்ற இடங்களைப் பற்றியது. பிறப்பைக் குறைத்த மாநிலங்கள் இடமிழக்கலாகாது என்று 1976இல் 1971ஆம் ஆண்டுத் தொகையையே அளவாக வைத்தார்கள். 2001இல் அதை மேலும் நீட்டினார்கள். இன்று அதுவே பெரும் விவாதம். அது வேறு மேடைக்குரியது என்று விட்டுவிடுகிறோம். நம் அடுக்களைக்கு அண்மையில் உள்ளதைப் பார்ப்போம்.

இந்த நிலைமாற்றத்தின் வேகத்தைக் காண வெளியூர் செல்ல வேண்டியதில்லை. இன்றைய சந்திரகிரிப் பகுதியிலுள்ள நாராவாரிப்பள்ளியில் பிறந்து, திருப்பதிப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு அவர்கள். 1997இல் அவருடைய முதல் ஆட்சிக்காலத்தில் ஆந்திரம் தனக்கென மக்கள்தொகைக் கொள்கை ஒன்றை வகுத்தது. சிறு குடும்பமே அதன் தாரக மந்திரம். அதற்கு முன்னரே, 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், இரண்டு குழந்தைகளுக்கு மேல் உள்ளவர் ஊராட்சித் தேர்தலில் நிற்கலாகாது என்று தடுத்திருந்தது. அதே முதலமைச்சர் 2024 அக்டோபரில், மாநிலம் மூப்படைகிறது, மக்கள் கூடுதலாகக் குழந்தை பெற வேண்டும் என்று பேசினார். அடுத்த மாதமே சட்டமன்றம் அந்த இரு குழந்தைத் தடையை நீக்கிற்று. ஏறத்தாழ அதே நாட்களில் தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்த மு. க. ஸ்டாலின் அவர்களும் ஒரு திருமண விழாவில், பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்னும் பழைய வாழ்த்தை நினைவுகூர்ந்து, தொகுதிக் குறைப்பைப் பற்றிய கவலையை வெளியிட்டார். அந்தப் பதினாறு பிள்ளைகளல்ல, கல்வி முதலாகிய பதினாறு செல்வங்கள் என்பது நம் சங்கத்தார் அறிந்ததே. அதனை அவரும் குறிப்பிட்டார்.

தடையை நீக்கியது நன்று. மூன்றாவது குழந்தை பிறந்த குற்றத்திற்காக ஊராட்சிப் பதவியை இழந்தவர்களுள் பெண்களும் இருந்தனர். அக்குழந்தை வேண்டுமா வேண்டாவா என்று அவர்களைக் கேட்டவர் யார்? ஆனால் 'நிறுத்து' என்று சொன்ன அதே குரலில் 'பெறு' என்று சொல்வதைத்தான் நாம் ஏற்பதற்கில்லை. தாயின் வயிறு ஏரி மதகன்று, வேண்டும்போது திறக்கவும் வேண்டாதபோது மூடவும். சீனம் 1980இல் ஒரே குழந்தை என்று சட்டமிட்டது. 2016இல் இரண்டு என்றது. 2021இல் மூன்று என்றது. 2022இல் அங்கே மக்கள்தொகை குறையத் தொடங்கியது. தென்கொரியாவில் அரசு பெரும்பொருள் செலவிட்டும், 2023இல் ஒரு தாய்க்குச் சராசரி 0.72 குழந்தையே. மூடுவதற்குச் சட்டம் ஓரளவு பயன்பட்டது. திறப்பதற்கு எந்தச் சட்டமும் பயன்படுவதாகத் தெரியவில்லை.

அங்கெல்லாம் இளம்பெண்கள் சொல்லும் காரணம் என்ன? வேலையும் பார்க்க வேண்டும், குழந்தையையும் பார்க்க வேண்டும், மாமனார் மாமியாரையும் பார்க்க வேண்டும், மூன்றிற்கும் ஒரே ஆள்தான் என்கிறார்கள். நம் பெண்கள் இதே சொல்லைச் சொல்வதற்கு நெடுநாள் ஆகாது. சிலர் சொல்லத் தொடங்கிவிட்டனர். ஆகவே, குழந்தைக்கும் முதியோர்க்கும் வேண்டிய கவனிப்பு ஒருத்தியின் தலையில் மட்டும் விழுமாயின், தொட்டிலும் நிறையாது, ஊன்றுகோலுக்கும் துணை கிட்டாது. வள்ளுவர் அதிகாரத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னோமே, இங்கே அது பயன்படுகிறது. புதல்வரைப் பெற்றுவிட்டால் முதுமை காக்கப்படும் என்று கருதிய காலத்துத் தலைப்பு அது. இன்று நம் காலனியில் மருத்துவமனைக்குத் தாயை அழைத்துச் செல்வது எத்தனை வீடுகளில் மகன், எத்தனை வீடுகளில் மகள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

மேலும், புதல்வரும் புதல்வியரும் இங்கே இருக்கிறார்களா? சென்னையும் பெங்களூரும் நமக்கு மூன்று நான்கு மணி நேரத் தொலைவு. படித்த பிள்ளை அவ்விரண்டில் ஒன்றிற்கோ, ஐதராபாத்திற்கோ, கடல் கடந்தோ போகிறது. நம் பெரியோர்கள் இரயில்வேயிலும் பள்ளிகளிலும் வணிகத்திலும் வேலைதேடித் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்ததைப் போன்றதே இதுவும். இதில் குறைகூற நமக்கு உரிமையில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இளைஞர்கள் வருகிறார்கள். திருப்பதி விடுதிகளில் இலைபோடும் பையனோடு தெலுங்கிலோ தமிழிலோ பேசிப் பார்த்து, பின்னர் அரைகுறை இந்திக்கு இறங்கியவர்கள் இவ்வவையில் பலர் இருப்பீர்கள். தெற்கின் முதியோரை வடக்கின் இளையோர் தாங்கும் காலம் வருகிறது. புலம்பெயர்ந்து வந்த சங்கத்தவராகிய நாம் அவர்களை எவ்வாறு நடத்த வேண்டும் என்பதைப் பிறர் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

அரசின் உதவி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட முடியாது. 2024 சூலையிலிருந்து ஆந்திர அரசு முதியோர் உதவித்தொகையை மாதம் 4,000 ரூபாயாக்கி வீட்டிற்கே கொண்டுவந்து கொடுக்கிறது. மத்திய அரசின் பங்கோ, எண்பது வயதிற்குட்பட்டவர்க்கு 200 ரூபாய் என்ற அளவில் ஆண்டுக்கணக்காக நின்றுவிட்டது. பெற்றோரைக் காப்பது பிள்ளைகளின் கடமை என்று 2007இல் ஒரு சட்டமும் வந்தது. உதவித்தொகை அரிசி வாங்கித் தரும், சட்டம் வழக்காடித் தரும். இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறும் மூதாட்டியை ரூயா மருத்துவமனைக்கோ, ஸ்விம்ஸுக்கோ, சித்தூரிலிருந்து வேலூருக்கோ யார் அழைத்துச் செல்வது? பெண்கள் ஆண்களைவிட நெடுநாள் வாழ்கிறார்கள், கணவரினும் இளையவராகவும் இருக்கிறார்கள். ஆதலால் தனித்து எஞ்சுவோருள் பெரும்பாலோர் பெண்களே. எந்தத் தலைமுறை இளவயதில் அறுவை மேசையில் படுத்து நாட்டின் சுமையைக் குறைத்ததோ, அந்தத் தலைமுறைதான் இனித் தனிமையில் மூப்படையப் போகிறது. அவர்களுக்கு நாம் பட்ட கடனைப் பற்றியே இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். குழந்தைகள் குறையும்போது முதலில் இடமிழப்பவை சிறுபான்மை மொழி வகுப்புகள். ஒரு வகுப்பிற்கு வேண்டிய அளவு பிள்ளைகள் சேராவிட்டால் ஆசிரியர் இடம் போய்விடும். பிறகு பிள்ளைகள் இருந்தாலும் வகுப்பு இராது. நகரியிலும் குப்பத்திலும் சித்தூரிலும் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு மிகவும் பொருந்தும். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிற்குப் பாடம் சொல்ல ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பேச்சுத்துணை வேண்டும், பிள்ளைகளுக்குத் தமிழ் வேண்டும். இவ்விரண்டையும் ஒரே அறையில் ஒரு மணி நேரம் அமர்த்தி வைப்பதற்குப் பெருஞ்செலவு ஒன்றுமில்லை.

2021இல் நடந்திருக்க வேண்டிய குடிமதிப்பு தள்ளிப்போய், மக்களை எண்ணும் பணி 2027ஆம் ஆண்டிற்கென அறிவிக்கப்பட்டது. கணக்கெடுப்பவர் நம் வாயிலுக்கு வந்து பெயர், வயது, தாய்மொழி எல்லாம் கேட்பார். தாய்மொழி தமிழ் என்று தயங்காமல் சொல்லுங்கள். ஆனால், 'அம்மா, உங்களுக்கு மாத்திரை வாங்கித் தருபவர் யார்?' என்று அவர் கேட்கமாட்டார். அந்தக் கேள்வியை நம் சங்கம் கேட்க வேண்டும் என்று செயற்குழுவிற்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். தெருவுக்கு இருவராக இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று, எழுபது வயது கடந்தவர் யார், தனியே இருப்பவர் யார், எந்த மருத்துவமனையில் பார்க்கிறார், அவசரத்திற்கு எந்தப் பிள்ளையை அழைப்பது, அந்தப் பிள்ளை தொலைவில் இருந்தால் அண்டை வீட்டார் யார் என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும். அந்த ஏடு சங்க அறையில் பூட்டி வைக்கப்படட்டும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை திருத்தப்படட்டும். வாகனம் வைத்திருப்போர் முறைவைத்து மாதம் ஓர் இரவு பொறுப்பேற்கட்டும்.

இப்பணிக்குப் பெயர் தர விரும்புவோர் விழா முடிந்ததும் செயலாளரிடம் எழுதித் தரலாம். இதுவரை இத்தகைய பட்டியல்களில் பெண்களின் பெயர்களே முதலில் நிரம்பி வந்திருக்கின்றன. இம்முறை முதல் பத்துப் பெயர்கள் ஆண்பிள்ளைகளுடையவையாக இருக்கட்டும். தாள் மேடையின் இடப்புறம், குத்துவிளக்கருகே வைக்கப்பட்டிருக்கிறது.